சீட்டில் உண்மையான வருவாய் எவ்வளவு? – வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் முறை

ஜேர்மனியில் வாழும் எம்மவர்களிடையே சீட்டு இல்லாத ஊரைக் காண்பது அரிது. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பிள்ளையின் படிப்பு, கடை திறப்பு, ஊரில் வீடு திருத்துதல் என்று எத்தனையோ காரியங்கள் சீட்டுக் காசால் நிறைவேறியுள்ளன. மொழியும் தெரியாமல், நிரந்தர வதிவிட அனுமதியும் இல்லாமல் வந்து இறங்கியவர்களுக்கு வங்கி கடன் கொடுக்காத காலத்தில், சீட்டே வங்கியாக இருந்தது என்பது யாவரும் அறிந்ததே.

எனினும் சீட்டைப் பற்றி நாம் பேசும்போது ஒரு கேள்விக்கு மட்டும் சரியான விடை கிடைப்பதில்லை. "கடைசிச் சீட்டை எடுத்தால் எத்தனை வீதம் இலாபம்? முதலில் எடுத்தால் எத்தனை வீதம் வட்டி?" ஒருவர் ஐந்து என்பார், மற்றவர் பத்து என்பார். இருவரிடமும் கணக்கைக் கேட்டால், "எல்லாரும் அப்படித்தான் சொல்லுகினம்" என்பதே பதிலாக இருக்கும். இவ்விதழில் அந்தக் கணக்கை ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு எவரும் போடக்கூடிய விதத்தில் பார்ப்போம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

1. மூன்று கேள்விகள்

எந்த முதலீட்டையும் அளக்க மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு கூடுதலாக வந்தது? அதற்காக எவ்வளவு காசு எவ்வளவு காலம் எம் கையைவிட்டு வெளியே நின்றது? அந்தக் காசு திரும்பி வரும் என்பதற்கு என்ன உறுதி?

எம்மவர்கள் முதற் கேள்வியை நன்றாகக் கேட்பார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மூன்றாவதைக் காசு போன பிறகு கேட்பார்கள்.

2. உதாரணச் சீட்டு

பன்னிரண்டு பேர், மாதம் 500 யூரோ, பன்னிரண்டு மாதம். மொத்தச் சீட்டு 6,000 யூரோ. முதல் மாதச் சீட்டை நடத்துபவர் கழிவில்லாமல் எடுத்துக்கொள்கிறார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அதிக கழிவு கூறுபவர் எடுக்கிறார். அந்தக் கழிவு பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பகிரப்பட்டு, அம்மாதக் கட்டுக்காசு குறைகிறது. (இன்னும் எடுக்காதவர்களுக்கு மட்டும் கழிவைப் பகிரும் சீட்டுகளும் உண்டு. அங்கே எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.)

மாதம் 1: கழிவு 0, ஒருவர் கட்டுவது 500, எடுப்பவர் பெறுவது 6,000
மாதம் 2: கழிவு 600; கட்டுவது 450; பெறுவது 5,400
மாதம் 3: கழிவு 540, கட்டுவது 455, பெறுவது 5,460
மாதம் 4: கழிவு 480, கட்டுவது 460, பெறுவது 5,520
மாதம் 5: கழிவு 420, கட்டுவது 465, பெறுவது 5,580
மாதம் 6: கழிவு 360, கட்டுவது 470, பெறுவது 5,640
மாதம் 7: கழிவு 300, கட்டுவது 475, பெறுவது 5,700
மாதம் 8: கழிவு 240, கட்டுவது 480, பெறுவது 5,760
மாதம் 9: கழிவு 180, கட்டுவது 485, பெறுவது 5,820
மாதம் 10: கழிவு 120, கட்டுவது 490, பெறுவது 5,880
மாதம் 11: கழிவு 60, கட்டுவது 495, பெறுவது 5,940
மாதம் 12: கழிவு 0, கட்டுவது 500, பெறுவது 6,000

கட்டுக்காசுகளைக் கூட்டினால் ஒவ்வொருவரும் ஆண்டு முழுவதும் கட்டியது 5,725 யூரோ. கடைசிச் சீட்டை எடுப்பவர் 6,000 பெறுகிறார். ஆகவே அவருக்குக் கூடுதலாக வந்தது 275 யூரோ.

இங்கே வழக்கமாகப் போடும் கணக்கு இதுதான்: 275ஐ 5,725ஆல் வகுத்தால் 4.8 வீதம். ஆனால் இது சரியான விடை அல்ல. 5,725 யூரோவும் முதல் நாளே கையைவிட்டுப் போய்விட்டதுபோல் இக்கணக்கு நினைத்துக்கொள்கிறது. உண்மையில் முதல் மாதக் காசு மட்டுமே பதினொரு மாதம் வெளியே நின்றது. பதினோராம் மாதக் காசு ஒரு மாதமே நின்றது. கடைசி மாதக் காசு கொடுத்த அன்றே திரும்பி வந்துவிட்டது.

3. யூரோ-மாதம் என்னும் அளவு

பத்துப் பேர் மூன்று நாள் வேலை செய்தால் முப்பது ஆள்-நாள் என்று கூலி போடுகிறோம் அல்லவா? அதேபோல ஒரு யூரோ ஒரு மாதம் வெளியே நின்றால் அதை ஒரு யூரோ-மாதம் என்போம். கணினி வருவதற்கு முன்னர் வங்கி எழுதுவினைஞர்கள் தொகையை நாட்களால் பெருக்கி, அந்த எண்களைக் கூட்டி வட்டி கணித்ததும் இதே தத்துவத்தில்தான்.

கடைசியாக எடுப்பவருக்கு இக்கணக்கைப் போடுவோம். முதல் மாதம் 500 யூரோ, பதினொரு மாதம்: 5,500. இரண்டாம் மாதம் 450 யூரோ, பத்து மாதம்: 4,500. மூன்றாம் மாதம் 455 யூரோ, ஒன்பது மாதம்: 4,095. இப்படியே தொடர்ந்தால் 3,680; 3,255; 2,820; 2,375; 1,920; 1,455; 980; 495; கடைசியில் 0. அனைத்தையும் கூட்ட வருவது 31,075 யூரோ-மாதம்.

இப்போது 275ஐ 31,075ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். மாதத்துக்கு 0.885 வீதம். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 10.6 வீதம். கணினியில் உள்ள வருவாய் வீதக் கட்டளை வட்டிக்கு வட்டியும் சேர்த்துப் பார்ப்பதால் 10.8 என்று காட்டும். கொப்பிக் கணக்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவே.

ஆக, 4.8 என்று நினைத்த வருவாய் உண்மையில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். "அப்படியென்றால் சீட்டுத்தான் நல்லது" என்று அவசரப்பட வேண்டாம். இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

4. முன்னால் எடுப்பவர் கொடுக்கும் வட்டி

இரண்டாம் மாதம் எடுப்பவர் பெறுவது 5,400. மொத்தமாகக் கட்டுவது 5,725. வித்தியாசம் 325 யூரோ அவர் கொடுக்கும் வட்டி. "ஐயாயிரத்து நானூறுக்கு முந்நூற்றிருபத்தைந்து, ஆறு வீதந்தானே" என்று தோன்றும். ஆனால் அவர் 5,400ஐ ஆண்டு முழுவதும் கையில் வைத்திருக்கவில்லை. மாதந்தோறும் கட்டிக்கொண்டே போகிறார்.

அவர் பெற்ற காசு: 5,400 யூரோ, பத்து மாதம், அதாவது 54,000 யூரோ-மாதம். அவர் கட்டிய காசு முன்னர் கண்ட அதே 31,075. கழித்தால் 22,925 யூரோ-மாதக் கடன். 325ஐ இதனால் வகுத்தால் மாதத்துக்கு 1.42 வீதம், ஆண்டுக்கு 17 வீதம்.

அடுத்த மாதங்களில் எடுப்பவர்கள் குறைந்த கழிவு கூறுவதால் குறைந்த வட்டி கொடுக்கிறார்கள் என்று நினைப்பது இயல்பு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் மாதத்தில் எடுப்பவருக்கு 17.6 வீதம், நான்காம் மாதத்தில் 18.8, ஐந்தாம் மாதத்தில் ஏறக்குறைய 22. கழிவு குறைகிறது, ஆனால் அவர் பயன்படுத்தும் கடனின் அளவும் காலமும் அதைவிட விரைவாகக் குறைந்துவிடுகின்றன. ஆறாம், ஏழாம் மாதங்களில் எடுப்பவர்கள் கிட்டத்தட்டக் கடனும் வாங்கவில்லை, சேமிக்கவும் இல்லை. கட்டிய காசையே திரும்ப எடுத்துக்கொண்டு முறையே 85 யூரோவையும் 25 யூரோவையும் இழக்கிறார்கள். நடுவில் எடுப்பதே பாதுகாப்பு என்று கருதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மொத்தக் கணக்கையும் சரிபார்ப்போம். இரண்டாம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை எடுத்த ஆறு பேரும் இழந்தது 1,050 யூரோ. எட்டாம் மாதம் முதல் எடுத்த ஐவருக்கும் கிடைத்தது 775. மீதி 275 நடத்துபவருக்கு. அதோடு அவருக்கு வட்டியில்லாக் கடனும் கிடைத்தது. வீடு வீடாகப் போய்க் காசு சேர்ப்பதற்கும், ஒருவர் கட்டாவிட்டால் தாம் பொறுப்பேற்பதற்கும் அது கூலி. பொறுப்பேற்காதவர் அந்தக் கூலிக்கு உரியவர் அல்லர்.

17 வீதம் அதிகமா? அது எடுப்பவரின் நிலையைப் பொறுத்தது. இந்நாட்டில் வங்கியோ கடையோ கடன் தரும்போது எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். "எஃபெக்டிவர் யாரெஸ்சின்ஸ்" என்று தாளில் இருப்பது அதுவே. அதை உங்கள் சீட்டு வீதத்தோடு ஒப்பிடுங்கள். இதே 22,925 யூரோ-மாதக் கடனை வங்கி 8 வீதத்துக்குத் தந்தால் வட்டி 153 யூரோ. சீட்டில் 325. வங்கிக் கடன் கிடைக்கக்கூடியவர், படிவம் நிரப்பச் சோம்பிச் சீட்டை முன்னால் எடுத்தால், 172 யூரோவை வீணாக்குகிறார். வதிவிட அனுமதி குறுகியதாகவோ ஷூபாப் பதிவு பழுதாகவோ இருந்து வங்கி மறுத்துவிட்டவருக்கு 17 வீதமே கிடைக்கக்கூடிய விலையாக இருக்கலாம். அவரைக் குறைசொல்ல முடியாது. தெரிந்து கொடுக்கட்டும் என்பதே நாம் சொல்வது.

5. சீட்டு முறிந்தால்

கடைசியாக எடுப்பவரின் 10.6 வீதத்துக்குத் திரும்புவோம். இதே 31,075 யூரோ-மாதத்தை 2 வீத வட்டியுள்ள வங்கி வைப்பில் இட்டிருந்தால் ஏறக்குறைய 52 யூரோ கிடைத்திருக்கும். சீட்டில் 275. வித்தியாசமான 223 யூரோ எதற்கான கூலி? ஆபத்தைத் தாங்குவதற்கான கூலி. ஜேர்மன் வங்கியொன்று முறிந்தால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 யூரோ வரையான வைப்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்டுள்ளது. சீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

எட்டாம் மாதச் சீட்டு எடுத்தபின் சீட்டு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் எடுத்துவிட்டார்கள், நால்வர் எடுக்கவில்லை. அந்த நால்வரில் ஒவ்வொருவரும் அதுவரை கட்டியது 3,755 யூரோ. திரும்பி எதுவும் வராவிட்டால் அவ்வளவும் நட்டம்.

3,755ஐ 275ஆல் வகுத்துப் பாருங்கள். 13.65 வரும். அதாவது பதின்மூன்று சீட்டுகளை ஒழுங்காகக் கட்டி முடித்துக் கடைசியில் எடுத்துச் சேர்த்த இலாபம் முழுவதையும், பதினான்காவதில் பெரும்பகுதியையும், ஒரேயொரு முறிவு விழுங்கிவிடும். ஆண்டுக்கு ஒரு சீட்டு என்றால் இது பதின்மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட சேமிப்பின் பலன்.

ஆகவே கடைசியாக எடுக்க விரும்புபவர் தம்மைக் கடன் கொடுப்பவராகவே கருத வேண்டும். வங்கி எமக்குக் கடன் தருமுன் சம்பளத் தாள் கேட்கிறது, பிணை கேட்கிறது. பன்னிரண்டு பேருக்குக் கடன் கொடுக்கும் நாம் அவர்களின் பெயரைக்கூட முழுமையாகக் கேட்பதில்லை. "தெரிந்த ஆள்" என்பது நல்ல தொடக்கம். அது பிணையாகாது. சேருமுன் பின்வருவனவற்றை விசாரியுங்கள்:

அ. பன்னிரண்டு பேரும் யார்? ஒருவரே மூன்று பெயரில் சேர்ந்திருக்கிறாரா?
ஆ. நடத்துபவர் ஒரே நேரத்தில் எத்தனை சீட்டு நடத்துகிறார்? ஒரு சீட்டுக் காசால் இன்னொன்றை அடைப்பவரிடமிருந்து விலகுங்கள்.
இ. எடுப்பவரிடம், மிகுதித் தவணைகளுக்குக் கையொப்பமும் பிணையாளியும் வாங்கப்படுகின்றனவா?
ஈ. ஒவ்வொரு மாதமும் கட்டியவர், எடுத்தவர், கழிவு மூன்றும் உங்கள் கொப்பியிலும் எழுதப்பட்டு ஒப்பமிடப்படுகின்றனவா?
உ. கட்டிய காசு முழுவதும் போனாலும் உங்கள் குடும்பம் வாடகையும் சாப்பாடும் தடையின்றிப் பார்க்குமா? இல்லையென்றால் அந்தச் சீட்டு உங்களுக்குப் பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலரிடம் காசு திரட்டி அவர்களுக்கே கடனாகக் கொடுக்கும் தொழிலை ஜேர்மன் வங்கிச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. சீட்டைப் பெரிய அளவில், தொழிலாக நடத்த எண்ணுபவர்கள் சட்டத்தரணியிடம் கேளாமல் இறங்கக்கூடாது. இலங்கையில் சீட்டுக்கென 1935இலேயே தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு நடத்துபவர் பதிவு செய்ய வேண்டும். 2019இல் வந்த திருத்தம் அவருக்கான தரகை 7 வீதத்துக்குள் மட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டங்கள் எவையும் இங்கே எமக்குத் துணை வரமாட்டா.

6. ஜேர்மனியரின் சீட்டு

சீட்டு என்பது எம்மவரின் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஹைல்புரோன் நகருக்கு அருகேயுள்ள வூஸ்டன்றோட் என்ற சிறிய ஊரில் 1921இல் கேயோர்க் குரோப் என்பவர் நண்பர்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1924இல் அது ஜேர்மனியின் முதலாவது பௌஸ்பார்காசேயாக, அதாவது வீடு கட்டுவதற்கான சேமிப்பு நிறுவனமாக உருவெடுத்தது. அதன் தத்துவம் எளியது. தனியே சேமித்தால் ஒவ்வொருவரும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். பலர் ஒரே பெட்டியில் சேமித்தால் முறை வந்தவர் முன்னதாகவே கட்டத் தொடங்கலாம். எம் சீட்டின் தத்துவமும் இதுவே. அங்கே அரசின் மேற்பார்வை இருப்பதுதான் பெரிய வேறுபாடு.

பாதுகாப்பு உண்டு என்பதால் அங்கே வருவாய்க் கணக்குப் போடத் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஒப்பந்தத் தொகை 30,000 யூரோ, தொடக்கக் கட்டணம் அதில் 1 வீதம், சேமிப்புக்கு வட்டி 0.5 வீதம் என்று கொள்வோம். மாதம் 200 யூரோவாக ஐந்து ஆண்டு கட்டினால் 354,000 யூரோ-மாதம். அதற்கான வட்டி ஏறக்குறைய 148 யூரோ. கட்டணமோ 300. கட்டணம் சேமித்த தொகைக்கல்ல, ஒப்பந்தத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். வீட்டுக் கடனை எடுக்காமல் சேமிப்பை மட்டும் திரும்பப் பெறுபவருக்கு 152 யூரோ நட்டம். வீடு வாங்கும் எண்ணம் உள்ளவருக்கு, பின்னால் கிடைக்கும் கடனின் வட்டி வீதம் அதை ஈடுசெய்யக்கூடும். எண்ணம் இல்லாதவர் கையொப்பமிடுமுன் இக்கணக்கைப் போட வேண்டும்.

7. ஊரில் இட்ட காசு

ஊரில் காணி வாங்கியவர்கள், "இரட்டிப்பாகிவிட்டது, நூறு வீத இலாபம்" என்பார்கள். எத்தனை ஆண்டில் என்று கேளுங்கள். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 72ஐ ஆண்டுகளால் வகுத்தால், இரட்டிப்பதற்கான ஆண்டு வீதம் ஏறக்குறையக் கிடைக்கும். இந்த விதியை இத்தாலியரான லூக்கா பச்சோலி 1494இல் வெனிசில் வெளியிட்ட கணித நூலில் குறிப்பிட்டுள்ளார். இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கியவர் என்று கணக்காளர்கள் போற்றுபவரும் இவரே. பன்னிரண்டு ஆண்டில் இரட்டித்த காணியின் வருவாய் ஆண்டுக்கு 6 வீதம். உறுதி எழுதிய செலவு, வேலி, காவல், போய்வந்த விமானச் சீட்டு எல்லாம் அதிலிருந்து கழிய வேண்டும்.

அதைவிட முக்கியமானது நாணயம். இலங்கையில் 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக வைக்கப்பட்டிருந்தது. பின்னர் ரூபாய் மிதக்க விடப்பட்டு, அவ்வாண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாய் அளவை எட்டியது. அதற்குமுன் 10,000 டொலரை 20 இலட்சம் ரூபாயாக மாற்றி 6 வீத வட்டிக்கு வைப்பிலிட்டவருக்கு ஓராண்டில் 21 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வந்திருக்கும். புத்தகத்தில் இலாபம். 360ஆல் வகுத்தால் 5,889 டொலர். நட்டம் 41 வீதம். ஊரில் வாழ்ந்து ஊரிலே செலவு செய்பவருக்குக் கணக்கு ரூபாயில் ஆகலாம். பிள்ளையின் படிப்புக்கும் முதுமைக்கும் இங்கே யூரோவில் செலவு செய்யப்போகும் நாம், எந்த நாணயத்தில் செலவு செய்வோமோ அந்த நாணயத்திலேயே வருவாயை அளக்க வேண்டும்.

வங்கி வைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: 2023 முதல் தனியொருவருக்கு ஆண்டில் 1,000 யூரோ வரையும், கணவன் மனைவிக்குச் சேர்த்து 2,000 யூரோ வரையும் வட்டி முதலிய முதலீட்டு வருமானத்துக்கு வரி இல்லை. அதற்குரிய விலக்குப் படிவத்தை வங்கியில் கொடுக்காதவர்களிடம் வங்கி வரியைக் கழித்துவிடும். வருவாய் வீதத்தை வரி போன பின் வரும் தொகையில் பார்ப்பதே முறை.

8. சுருக்கம்

முதலில் மொத்தம் கொடுத்ததையும் பெற்றதையும் எழுதி வித்தியாசத்தைக் காணுங்கள். இரண்டாவதாக, ஒவ்வொரு தொகையையும் முடிவு வரையுள்ள மாதங்களால் பெருக்கிக் கூட்டுங்கள். கொடுத்தவை ஒரு பக்கம், பெற்றவை மறுபக்கம். மூன்றாவதாக, வித்தியாசத்தை யூரோ-மாத வித்தியாசத்தால் வகுத்து 1,200ஆல் பெருக்குங்கள். கிடைப்பது ஆண்டு வீதம். நான்காவதாக, முறிந்தால் எவ்வளவு போகும், அதை ஈடுசெய்ய எத்தனை நல்ல சீட்டுகள் வேண்டும் என்று வகுத்துப் பாருங்கள். இந்த நான்காவது கணக்கைப் போடாமல் மூன்றாவதை மட்டும் நம்பிச் சேரவேண்டாம் என்பதே எமது வேண்டுகோள்.

பயிற்சி

1. மேற்கண்ட சீட்டைப் பத்தாம் மாதத்தில் எடுப்பவரின் ஆண்டு வருவாய் வீதம் என்ன?
2. கடையொன்றில் 900 யூரோத் தொலைக்காட்சியை மாதம் 80 யூரோவாகப் பன்னிரண்டு தவணையில் தருகிறார்கள். முதல் தவணை ஒரு மாதம் கழித்து. ஆண்டு வட்டி வீதம் என்ன?

விடைகள்

1. இலாபம் 155 யூரோ. யூரோ-மாதம் 31,075இலிருந்து 11,760 கழிய 19,315. ஆண்டுக்கு 9.6 வீதம்.
2. வட்டி 60 யூரோ. யூரோ-மாதம் 10,800இலிருந்து 5,280 கழிய 5,520. ஆண்டுக்கு ஏறக்குறைய 13 வீதம். 60ஐ 900ஆல் வகுத்து 6.7 என்று எழுதியவர்கள் மூன்றாம் பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கவும்.

பிள்ளைகளை அருகில் இருத்தி இக்கணக்குகளைச் சேர்ந்து போடுங்கள். பெருக்கலை அவர்கள் விரைவாகச் செய்வார்கள். சீட்டு என்றால் என்னவென்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.